எலியின் சாட்சியும் ஒரு ‘சரி’யும்

“அண்ணனுக்குத்தான் நினைவு இல்லையே அண்ணி. அவர்கிட்ட போயி என்னத்தக் கேக்குறது?”

என் கொழுந்தனார் சோமசுந்தரம் இதைச் சொன்னபோது அவர் கையில் நான் போட்டுக் கொடுத்த காப்பி இருந்தது. வெளியே ஐப்பசி அடைமழை. கூடத்தில் காயாத துணியின் வாடை. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், சக்கர நாற்காலியில், அவருடைய அண்ணன் உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர். நெற்றியில் நான் இட்ட திருநீறு, மடியில் செத்த மீன் போலக் கிடக்கும் வலது கை.

அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அது எனக்குத் தெரியும். கொழுந்தனார் பேசப் பேச அவருடைய இடது கைக் கட்டைவிரல் நாற்காலியின் ரெக்சினைச் சுரண்டிக்கொண்டே இருந்தது.

“காப்பி ஆறுது, குடிங்க” என்றேன். அதற்குமேல் பேசினால் டம்ளரைப் பிடுங்கி முற்றத்தில் வீசியிருப்பேன்.

என் வீட்டுக்காரர் வயல் வரப்பில் விழுந்ததையும், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் நாங்கள் பட்ட பாட்டையும் இந்தத் தொடரின் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். இந்த வாரம் எழுதப்போவது அதைவிடப் பெரிய அடி. மூளையில் ரத்தக் குழாய் அடைத்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இதற்குச் சொல்லலாம்.

ஒரு சொல், இரண்டு அர்த்தம்

விழுந்த புதிதில் அவர் கண் திறக்காமல் கிடந்தார். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் “நினைவு இல்லை” என்று சொன்னோம். உண்மைதான். பிறகு கண் திறந்தது. ஆளைப் பார்த்தார், கஞ்சி குடித்தார், என் கையை அழுத்தினார். ஆனால் பேச்சு போய்விட்டது. டாக்டர் தெளிவாகச் சொன்னார்: “பேச்சு இருக்கிற இடத்துலதாம்மா அடி. நீங்க சொல்றது அவருக்கு நல்லாவே புரியுது. பதில் சொல்லத்தான் வரல.”

இதை நான் ஊரில் எத்தனையோ பேரிடம் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. முதலில் சொன்ன “நினைவு இல்லை” அப்படியே ஒட்டிக்கொண்டது. மயக்கத்துக்கும் அதே சொல், ஞாபகத்துக்கும் அதே சொல், புத்திக்கும் அதே சொல் என்றால் ஒரு மனிதன் எப்படித் தப்பிப்பான்?

வருகிறவர்கள் எல்லாம் வாத்தியார் ஆகிவிட்டார்கள். குனிந்து, மூக்குக்கு மூக்கு நீட்டி, “நான் யாரு, சொல்லுங்க பாப்போம்?” என்பார்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வயசு அறுபது தாண்டிய மனிதரிடம், பேரன் வயசுப் பையன்கூட விரலைக் காட்டி “இது எத்தனை தாத்தா?” என்றான். பதில் சொல்லாவிட்டால் உச்சுக் கொட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “பாவம்” என்றுவிட்டு வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பழத்தை நான் மாட்டுக்குத்தான் போட்டேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்து ‘வாடா, நீ, போ’ என்று பேசிக்கொண்டவர்கள். வாய்க்காலில் தண்ணீர் திருப்புவதற்குக்கூட வரப்பில் நின்று கத்திச் சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் ஒன்றாக டீக்கடைக்குப் போவார்கள். விழுந்த நாளிலிருந்து சோமு வாயில் என் வீட்டுக்காரர் ‘அவர்’ ஆகிவிட்டார். சுவரில் மாட்டிய படத்தைப் பற்றிப் பேசுகிற மரியாதை.

முதல் படி

எதற்காகக் கொழுந்தனார் அன்றைக்கு வந்து காப்பி குடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். சிவன் கோயில் சின்னதுதான். ஐப்பசிப் பௌர்ணமியன்று சாமிக்கு அன்னாபிஷேகம். சோறு வடித்து, லிங்கம் முழுக்கச் சாத்துவார்கள். அந்தச் சோற்றுக்கு ஊரெல்லாம் குறுவை அரிசி கொண்டுவந்து கொட்டும். முதல் படி எங்கள் குடும்பத்தில் மூத்தவர் கையால் விழவேண்டும். மாமனார் காலத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் கை. இந்த வருஷத்திலிருந்து அது தன் கையாக இருக்கட்டும் என்று கேட்கத்தான் கொழுந்தனார் வந்தார்.

“வலது கை வரல, இடது கையால சாமிக்குப் போடக் கூடாது. நினைவும் இல்ல. ஒரு தடவை மாறுனா மாறுனதுதான் அண்ணி, அப்பறம் அதுவே பழகிடும்” என்றார்.

மாறினால் மாறியதுதான் என்பது எனக்கும் தெரியும். படி அரிசிக்காக நான் கலங்கவில்லை. இத்தனை நாள் ‘நினைவு இல்லை’ என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்ததைச் சாமி முன்னால், ஊர் முன்னால் எழுதி ஒட்டுகிற வேலை அது. அன்றைக்குக் கை மாறினால், என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கும்போதே இல்லாதவர் ஆகிவிடுவார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் எதையும் கேட்கமாட்டார்கள்.

“அவரையே கேளுங்க” என்றேன்.

கொழுந்தனார் எழுந்து போய், காது கேளாதவரிடம் கத்துவது போல, “அண்ணே! இந்த வருஷம் முதல் படி நான் போடட்டுங்களா?” என்றார்.

“சரி” என்றார் என் வீட்டுக்காரர். “சரி. சரி சரி.”

“பாத்தீங்களா? அவரே சரின்னுட்டார்!”

இங்கே வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். விழுந்தபின் அவர் வாயில் மிஞ்சியது அந்த ஒரே சொல்தான். பசித்தால் சரி. வலித்தால் சரி. வேண்டும் என்றாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி. மழை பெய்தால் ஜன்னலைப் பார்த்து சரி. ஏன் அந்தச் சொல் மட்டும் தங்கியது என்று டாக்டருக்கும் தெரியவில்லை, சிவனுக்குத்தான் வெளிச்சம். இது கொழுந்தனாருக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

“தம்பி, நினைவு இல்லாதவர் சொன்ன சரி மட்டும் எப்படிச் செல்லும்?” என்றேன்.

கொழுந்தனார் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

மகளின் பாடம்

என் மகள் மங்கை கும்பகோணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். அஞ்சல் வழியில் உளவியல் எம்.ஏ. படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் அவள் படிப்பதில் பாதி என் காதில் விழுந்திருக்கிறது. சத்தம் போட்டுப் படித்தால்தான் அவளுக்கு மண்டையில் ஏறும். அதுவும் நான் அடுப்படியில் இருக்கும்போதுதான் ஏறும்.

அன்று சாயங்காலம் நான் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். மனிதன் எப்படி அறிகிறான், நினைக்கிறான் என்று ஆராய்கிற படிப்பு எப்படி வந்தது, அதில் ஆரம்பத்தில் என்னென்ன பள்ளிகள் என்று அவள் பாடம்.

“பள்ளின்னா பள்ளிக்கூடமா?”

“இல்லம்மா. ஒரே கொள்கை உள்ளவங்க ஒரு கூட்டம். நம்ம மடம் மாதிரின்னு வச்சுக்கயேன்.”

அப்படியானால் புரிகிறது. அடித்துக்கொள்வார்கள்.

அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். முதல் கூட்டம் ஜெர்மனியில். ஆளை உட்காரவைத்து ஒரு ஓசை எழுப்பி, ஒரு நிறம் காட்டி, “உனக்குள்ளே என்ன நடந்தது, பிரித்துப் பிரித்துச் சொல்” என்று கேட்டார்களாம். மனசு எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று கண்டுபிடிக்க.

“சொல்ல வாய் வராதவன் என்ன பண்ணுவான்?” என்று கேட்டேன்.

“அதேதாம்மா எல்லாரும் கேட்டாங்க. கைக்குழந்தை சொல்லாது, மாடு சொல்லாது. சொல்றவங்களும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க.”

அமெரிக்காவில் இன்னொரு கூட்டம், மனசு எதனால் ஆனது என்று பார்க்காதே, எதற்கு உதவுகிறது என்று பார் என்றதாம். அது கொஞ்சம் நியாயமாகப்பட்டது எனக்கு.

அடுத்து வந்தவர்கள் பேரைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். நடத்தைக்காரர்கள். மனசு என்று ஒன்றைப் பற்றிப் பேசவே கூடாது என்றார்களாம். கண்ணுக்குத் தெரியாததை எப்படி அளப்பது? மணி அடித்தால் நாய்க்கு எச்சில் ஊறுகிறதா, அதை அள. ஆள் கையை நீட்டுகிறானா, அதை எழுது. உள்ளே என்ன என்று கேட்காதே. இப்படி ஐம்பது வருஷம் கிட்டத்தட்ட அவர்கள் ராஜ்ஜியம்தானாம். அவர்களில் ஒருவர், ஒரு கைக்குழந்தையிடம் வெள்ளை எலியை விளையாட விட்டு, அது எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்பைச் சுத்தியலால் அடித்துப் பயம் காட்டினார். கடைசியில் எலியைப் பார்த்தாலே குழந்தை வீறிட்டது. பயத்தை உண்டாக்க முடியும் என்று நிரூபித்துவிட்டார்.

“அந்தப் புள்ளையோட அம்மா எங்கடி போனா?”

“புத்தகத்துல அவ்வளவா இல்லம்மா.”

“இருக்காது. அவ மனசும் கண்ணுக்குத் தெரியல இல்ல?”

மங்கை என்னைப் பார்த்தாள். நான் எதை நினைத்துக் கத்துகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூடத்திலிருந்து “சரி, சரி” என்று அவள் அப்பா குரல் கேட்டது. போர்வை நழுவியிருக்கும்.

“உங்க சித்தப்பா அந்தக் கூட்டம்தான்” என்றேன். “வெளியில தெரியலன்னா உள்ள இல்ல. வாயில சரின்னு வந்தா சம்மதம். எங்கயோ ஜெர்மனி, அமெரிக்கான்னு படிக்கிறியே, இந்த ஊரே அந்தப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சிருக்கு.”

பாட்டின் சாயல்

ஜெர்மனியிலேயே வேறு ஒரு கூட்டம் அந்த முதல் கூட்டத்துக்கு மாறாகச் சொல்லியிருக்கிறது. துண்டு துண்டாகப் பிரித்தால் மனசு பிடிபடாது, முழுசாகத்தான் பார்க்கவேண்டும் என்று. கொஞ்சம் விட்டுப்போன வட்டத்தையும் கண் வட்டமாகத்தான் பார்க்கும். ஒரே பாட்டை ஆண் பாடினாலும் பெண் பாடினாலும், ஒவ்வொரு சுரமும் இடம் மாறினாலும், அது அதே பாட்டு என்று நமக்குத் தெரிகிறது. சுரத்தில் இல்லை பாட்டு. எல்லாம் சேர்ந்த சாயலில் இருக்கிறது.

இதை மங்கை படித்தபோது எனக்கு அழுகை வந்தது, கோபத்திலேயே. ஏனென்றால் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவருடைய ‘சரி’யில் எழுத்தைப் பார்த்தால் ஒன்றுதான். ராகத்தைக் கேட்டால் ஒவ்வொன்றும் வேறு. பசிக்கிற சரி கீழே இறங்கும். திருநீறு இடும்போது வருகிற சரி மூச்சோடு மூச்சாக வரும். வலிக்கிற சரி பல்லுக்குள்ளேயே நிற்கும். கொழுந்தனாரிடம் சொன்ன சரி மூன்று முறை வெட்டி வெட்டி வந்தது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அது சம்மதம் இல்லை.

ஆனால் நான் கேட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? பெண்டாட்டி ஆசையில் சொல்கிறாள் என்பார்கள்.

எலி

எலியைப் பற்றி என் வீட்டுக்காரருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கதிர் பால் பிடிக்கும்போது எலி வந்து அடித்துப்போட்ட குறுவையைப் பார்த்தால் யாருக்கும் இருக்காது. மூங்கில் கிட்டி வைத்துப் பிடிப்பவரை வரவழைத்து, விடிந்ததும் முதல் ஆளாகப் போய் எத்தனை மாட்டியது என்று பார்ப்பார்.

அந்தச் சனியன்தான் கடைசியில் மனசுக்குச் சாட்சி சொல்ல வந்தது என்றாள் மங்கை.

நடத்தைக்காரர்கள் கூட்டத்திலேயே ஒருவர், கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தவர், எலிகளைச் சந்து சந்தாகக் கட்டிய பெட்டிக்குள் விட்டார். ஒரு கூட்டம் எலிக்கு வழியின் முடிவில் தீனி வைத்தார். அவை சீக்கிரம் வழி கற்றுக்கொண்டன. இன்னொரு கூட்டத்துக்கு நாள்கணக்கில் தீனியே வைக்கவில்லை. அவை பாட்டுக்குச் சுற்றின, முட்டின, திரும்பின. பார்க்கிறவர்கள் “இதுங்களுக்கு ஒன்றும் ஏறவில்லை” என்றுதான் எழுதியிருப்பார்கள். பிறகு ஒரு நாள் அவைகளுக்கும் தீனி வைத்தார். உடனே நேரே ஓடிப்போய்த் தின்றன.

“எப்படி?”

“ஏற்கெனவே கத்துக்கிட்டிருந்துதும்மா. சுத்துனப்பவே பெட்டியோட வரைபடம் அது மண்டைக்குள்ள வந்துருச்சு. காட்டறதுக்குக் காரணம் இல்ல, அதனால காட்டல. அவ்வளவுதான்.”

காட்டவில்லை. அவ்வளவுதான்.

அதன்பிறகு கம்ப்யூட்டர் வந்ததாம், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் நடுவில் பெரிய வேலை நடக்கிறது என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளத் தொடங்கினார்களாம். “டிஸ்ப்ளே போன போன்ல நம்பர் எல்லாம் உள்ளயே இருக்குல்லம்மா, அப்பாவும் அப்படித்தான்” என்றாள். “உங்கப்பா போனா?” என்று அதற்கும் எரிந்து விழுந்தேன். ஆனால் எலி என் மனசை விட்டுப் போகவில்லை. வருகிறவன் எல்லாம் விரலைக் காட்டி எத்தனை என்றால் அவர் ஏன் சொல்லவேண்டும்? அதில் அவருக்கு என்ன தீனி இருக்கிறது?

பௌர்ணமிக்கு முந்தின நாள் விளக்கேற்றும்போது சாமியிடமே கேட்டுவிட்டேன். “என்னப்பனே, இத்தனை வருஷத்தில் நீ என்னோடு வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதுண்டா? கேட்கிறாய் என்று நம்பித்தானே உனக்குச் சோறு வடிக்கிறோம்? பேசாத உனக்கு எல்லாம் தெரியும், பேசாத அவருக்கு ஒன்றும் தெரியாதா? இது என்ன நியாயம்?” இப்படிக் கேட்டது தப்பு என்று யாராவது கடிதம் எழுதினாலும் பரவாயில்லை. நான் கேட்டது கேட்டதுதான்.

பௌர்ணமி காலை

அவரைக் கூட்டிப்போகவேண்டாம் என்று கொழுந்தனார் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார், மழை என்று. நானும் மங்கையும் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனோம். வேட்டி கட்டி, துண்டு போட்டு. கோயில் வாசலில் சக்கர நாற்காலியை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். கல் தரையெல்லாம் ஈரம். மடப்பள்ளியில் உலை கொதிக்கிற ஆவி மண்டபம் வரை வந்தது.

அண்டாவைக் கொண்டுவந்து வைத்தாயிற்று. குருக்கள், “முதல் படி யார் போடறா?” என்றார்.

“நாந்தான் சாமி” என்று கொழுந்தனார் பித்தளைப் படியில் அரிசியை மொண்டார். “அண்ணனுக்குத்தான் நினைவில்லையே. அவரும் சரின்னுட்டார்.”

ஊர் நின்றுகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனாரே, மரியாதைக்காகவோ என்னவோ, படியோடு நாற்காலிப் பக்கம் குனிந்தார். “அண்ணே! நான் போட்டுடட்டுங்களா?”

இடது கை வந்தது. எங்கிருந்து அவ்வளவு வேகம் என்று தெரியவில்லை. படியின் விளிம்பைப் பிடித்தார். கொழுந்தனார் இழுத்தார். அவர் விடவில்லை. அரிசி ஈரத் தரையில் சிந்தியது.

“சரி!” என்று கத்தினார்.

மண்டபத்தில் வௌவால் பறந்தது. அத்தனை சத்தம். நரம்பெல்லாம் புடைத்து, கண் சிவந்து, மறுபடி, “சரி! சரி!”

“படியை விடுங்கோ சோமு” என்றார் குருக்கள். “அவர் வேண்டாங்கறார்.”

“சரின்னுதானே சாமி சொல்றார்?”

“வார்த்தை சரிதான். நேக்குக் கேக்கறது வேற.”

யாரோ பின்னால் சிரித்தார்கள். கொழுந்தனார் கை தளர்ந்தது.

“இடது கையால...” என்று ஆரம்பித்தார். நான் என் வீட்டுக்காரரின் வலது கையைத் தூக்கிப் படியின்மேல் வைத்தேன். அது குளிர்ந்திருந்தது. அவர் இடது கையால் அடியைத் தாங்கினார். இரண்டு கையுமாக, நடுங்கிக்கொண்டு, படியைச் சாய்த்தார். பாதி அண்டாவில், பாதி வெளியே. குருக்கள் அதையும் கூட்டி அள்ளிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து கொடிமரத்தருகே வந்தோம். ஆட்டோவுக்காக நின்றிருந்தபோது கொழுந்தனார் வேகமாக வந்தார். வழக்கம்போல் என்னிடம்தான் சொல்லப்போகிறார் என்று நான் முறைத்துக்கொண்டு நின்றேன். “கை தானாகப் போயிருக்கும் அண்ணி, அதில் நினைவு எங்கே இருக்கிறது” என்று சொன்னால் இன்ன பதில் சொல்லவேண்டும் என்று நெஞ்சுக்குள் தயாராக வைத்திருந்தேன்.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நாற்காலிக்கு நேரே போய் நின்றார்.

“ஏண்ணே, ஊரு முன்னாடி என்னை இப்புடி அசிங்கப்படுத்துற? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?”

“சரி” என்றார் அவர், எகத்தாளமாக.

“என்ன சரி? நீ எப்பவுமே இப்புடித்தான்! சின்னப் புள்ளையிலேந்து எதையாவது என் கையில குடுத்திருக்கியா? மண்வெட்டியக்கூடப் புடுங்கிக்குவியே!”

“சரி, சரி, சரி, சரி!”

“கத்தாத! எனக்கும் கத்தத் தெரியும்!”

மங்கை பதறிப்போய் நடுவில் புகப்பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“விடுடி. சண்டை போடட்டும்.”

கொழுந்தனாரோடு எனக்கு இன்னும் பேச்சு சரியாக இல்லை. என் கோபம் அப்படி ஒரு படி அரிசியில் அடங்குவதும் இல்லை. ஆனால் அன்று மழையில் நனைந்துகொண்டு அந்த இரண்டு பேரையும் பார்த்து நின்றேன். அத்தனை நாளாக ‘அவர்’ என்று ஒதுக்கி வைத்திருந்தவரை, கோபத்தில் தன்னை மறந்து, ‘நீ’ என்றார் சோமு. நினைவு இல்லாதவரை யாரும் ‘நீ’ என்று கூப்பிட்டுச் சண்டைக்கு நிற்பதில்லை.